கத்தரிப்பூ கலர் காளான்: உச்சிப்புளி தோப்புல ஒரு பேரை மாத்தி எழுதுன கதை

உச்சிப்புளிக்கு பக்கத்துல கடக்கரையை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு, போன ஐப்பசி கடைசியில நாலு நாள் விடாம மழை பெஞ்சு வெறிச்ச மறுநாள் காலையில அங்க 11 காளான் முளைச்சிருந்துச்சு, 11-ம் ஊதா. தோப்புல மட்டை பொறுக்குற அக்கா ஒருத்தங்கதான் முதல்ல பாத்தது. எனக்கு போன் போட்டு "தம்பி, கத்தரிப்பூ கலர்ல நாய்க்குடை மொளச்சிருக்கு, நீங்கதான் இந்த மாதிரி எல்லாம் பாப்பீங்கல்ல, வந்து பாத்துட்டு போங்க, இல்லன்னா ஆடு மேஞ்சிரும்"னு சொன்னாங்க. நான் பிளஸ் டூ பசங்களுக்கு தாவரவியல் எடுக்குறவன், காளான் மேல பத்து வருஷமா பைத்தியம், அதனால பள்ளிக்கூடத்துக்கு போறதுக்கு முன்னாடியே வண்டிய எடுத்துட்டு கெளம்பிட்டேன்.

இதை முழுசா எழுதி வைக்கிறதுக்கு காரணம் ஒண்ணுதான். அன்னைக்கு ராத்திரி நான் அந்த காளானுக்கு ஒரு பேர் வச்சேன், நாலே நாள்ல அதை அடிச்சுட்டு வேற பேர் எழுத வேண்டியதா போச்சு. ஏன் முதல் பேர் வந்துச்சு, எது அதை தள்ளுச்சுங்குறது நம்ம பக்கம் காளான் பாக்குற யாருக்கும் பிரயோஜனப்படும்னு நெனக்கிறேன்.

முதல்ல எடத்தை சொல்லிடுறேன், ஏன்னா கடைசியில தீர்ப்பு சொன்னதுல பாதி எடம்தான். மணல் தரை, மேல கருப்பா ஒரு சாண் மக்கு. சித்திரையில அந்த தோப்புல ஆட்டுக்கிடை போட்டிருந்தாங்க, அந்த புழுக்கை எல்லாம் அப்படியே கெடந்து, மேல விழுந்த மட்டையும் பன்னாடையும் உரிமட்டையும் சேந்து மக்கி, மழை பட்டதும் பொதுபொதுன்னு ஆயிருந்துச்சு. மரம்னு பாத்தா தென்னை, வேலி ஓரம் நாலஞ்சு பனை, ஒரு வேம்பு, அப்புறம் எங்கயும் இருக்குற சீமைக்கருவேலம். வேற மரம் கெடையாது. இதை அன்னைக்கே நோட்டுல எழுதுனேன், ஆனா எழுதுனதோட அர்த்தம் அப்ப மண்டையில ஏறல.

காளான் நாலுல இருந்து ஆறு சென்டிமீட்டர் அகலம், ஒரு வளைவா வரிசையா நின்னுச்சு, முழு வட்டம் இல்ல, அரைவட்டம்னு சொல்லலாம். குடையோட மேல்பக்கம் வழவழன்னு ஈரமா இருந்துச்சு. திருப்பி பாத்தா மீன் செவுள் மாதிரி நெருக்கமா அடுக்கு, அதுவும் ஊதா. காம்பும் ஊதா, நார்நாரா, காம்புல வளையம் எதுவும் இல்ல. ஒண்ணை கிள்ளி மோந்து பாத்தேன், லேசா மாவு வாசம். உள்சதையும் ஊதா சாயல்தான்.

ராத்திரி வீட்டுல உக்காந்து போனுல இருந்த ஆப்ல போட்டோவை ஏத்துனா முதல் பேரா வந்தது கார்டினேரியஸ் வயலேசியஸ். அந்த பேரை பாத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு, உண்மையாவே. ஏன்னா அது சாதாரண காளான் இல்ல. முழு ஊதா, தலையில இருந்து காம்பு வரை, ஐரோப்பா வட அமெரிக்கா காடுகள்ல வர்றது, ஐரோப்பாவுல பல எடத்துல ரொம்ப அரிது, பழைய காடு அழியாம இருக்குற எடத்துல மட்டும் எப்பவாவது கண்ணுல படும். அது நம்ம ராமநாதபுரம் மணல்லயான்னு நெனச்சா யாருக்குத்தான் சந்தோஷம் வராது. நோட்டுல அந்த பேரை எழுதி ரெண்டு கோடும் போட்டேன்.

இந்த வயலேசியஸோட வகைப்பாட்டை கொஞ்சம் நிதானமா சொல்லணும், எனக்கு இதுல ஆசை ஜாஸ்தி. 1753-ல லின்னேயஸ் தாவரங்களுக்கு ரெண்டு வார்த்தை பேர் வச்சு எழுதுன அந்த பெரிய புத்தகத்துலயே இது இருக்கு, அப்ப பேரு அகாரிகஸ் வயலேசியஸ். அந்த காலத்துல காளானும் தாவரக் கணக்குலதான், அடியில செவுள் வச்ச குடைன்னா எல்லாமே அகாரிகஸ்தான், ஒரே சாக்குல கட்டுன மாதிரி. 1821-ல சாமுவேல் ஃபிரெடரிக் கிரேங்குற இங்கிலாந்துக்காரர் இதை கார்டினேரியஸ் பேரினத்துக்கு மாத்துனாரு. கார்டினான்னா லத்தீன்ல திரை. காளான் மொட்டா இருக்குறப்ப குடை ஓரத்துக்கும் காம்புக்கும் நடுவுல சிலந்தி கூடு மாதிரி மெல்லிசா ஒரு நூல்திரை இருக்கும், குடை விரிய விரிய அது அறுந்துரும், மிச்சம் காம்புல ஒட்டிக்கும், அதுமேல துரு நிற தூள் விழுந்து படிஞ்சு ஒரு கோடு தெரியும். பேரினத்துக்கே பேர் அந்த திரையில இருந்து வந்ததுதான்.

இப்ப அது பூஞ்சை ராஜ்ஜியம், பசிடியோமைக்கோட்டா தொகுதி, அகாரிகோமைசீட்ஸ் வகுப்பு, அகாரிகேல்ஸ் வரிசை, கார்டினேரியேசி குடும்பம். கார்டினேரியஸ்ல மட்டும் 2000-க்கு மேல இனம் சேந்துபோச்சு, அகாரிகேல்ஸ்லயே பெரிய பேரினம் அதுதான். 2022-ல டிஎன்ஏ வச்சு ஒரு ஆராய்ச்சிக் குழு இதை பத்து பேரினமா பிரிச்சாங்க. பிரிச்சப்ப பழைய பேர் யாருக்கு போகும்ன்னு கேள்வி வரும்ல, அதுக்கு விதி இருக்கு: பேரினத்துக்கு மாதிரியா எந்த இனத்தை வச்சிருக்காங்களோ அது எங்க போகுதோ பேரும் அங்கதான் போகும். கார்டினேரியஸுக்கு மாதிரி இனம் இந்த ஊதா காளான்தான். அதனால மத்ததுங்க தாக்ஸ்டரோகாஸ்டர், ஃபிளெக்மேசியம்னு புதுப் பேரு பழைய பேருன்னு எங்கெங்கயோ போனாலும் இது மட்டும் பரம்பரை வீட்டுல இருக்குற மூத்த பிள்ளை மாதிரி கார்டினேரியஸாவே இருக்கு.

அந்த நிறத்தை பத்தியும் சொல்லியே ஆகணும். அது பூவுல வர்ற ஊதா மாதிரி இல்ல. பீட்டா டோபாங்குற ஒரு அமினோ அமிலத்தோட இரும்பு சேந்து வர்ற நிறம்னு 1998-ல கண்டுபிடிச்சாங்க. நம்ம ஊர்ல பழைய காலத்துல கடுக்காயை ஊறவச்சு அதுல அன்னபேதியை போட்டு கருப்பு மை காச்சுவாங்கல்ல, அதே சங்கதிதான் கிட்டத்தட்ட, கடுக்காய்ல இருக்குற துவர்ப்புச் சத்து அன்னபேதியில இருக்குற இரும்பை புடிச்சுக்கிட்டு கருத்துரும், இங்க காளான் தனக்குள்ளயே மண்ணுல இருந்து இரும்பை இழுத்து வச்சு அந்த வேலையை செய்யுது. எங்க அப்பத்தா கடுக்காய் மை பத்தி சொன்னது இதை படிச்சப்பதான் ஞாபகம் வந்துச்சு, பசங்களுக்கு வகுப்புல இப்ப அப்படித்தான் சொல்லித்தர்றேன்.

சரி, சந்தேகம் எப்ப வந்துச்சுன்னா மறுநாள் மதியம்.

பறிச்சுட்டு வந்த அஞ்சுல ரெண்டை முறத்துல வச்சிருந்தேன், வெயில் ஏற ஏற அதோட ஊதா வெளுக்க ஆரம்பிச்சுச்சு. காலையில கத்தரிப்பூ, மதியம் நடுவுல இருந்து மங்கி ஒரு மாதிரி சாம்பல் பழுப்பு, ஓரத்துல மட்டும் ஊதா மிச்சம். தண்ணி வத்துனா நிறம் மாறுற குடை இது. வயலேசியஸை பத்தி எழுதியிருக்கறவங்க எல்லாரும் சொல்றது என்னன்னா அது நாவப்பழ நிறம், கிட்டத்தட்ட கருப்புன்னு சொல்ற அளவுக்கு, அதோட குடை மேல காஞ்சு, சின்னச்சின்ன செதில் எழும்பி வெல்வெட் துணி மாதிரி இருக்கும். நம்மளுது நாவப்பழம் இல்ல, கத்தரிப்பூ. வழவழன்னும் இருந்துச்சு. தமிழ்ல இந்த ரெண்டு நிறத்துக்கும் தனித்தனியா வார்த்தை இருக்கு, அக்கா போன்லயே சரியான வார்த்தையத்தான் சொன்னாங்க, நான்தான் போட்டோவை பாத்து ரெண்டையும் ஊதான்னு ஒண்ணாக்கிட்டேன்.

அதுக்கப்புறம் செஞ்சதுதான் முதல் நாளே செஞ்சிருக்க வேண்டியது, ஸ்போர் பிரிண்ட், அதாவது காளான் விதை மாதிரி உதிர்க்குற தூளோட அச்சு. தெரியாதவங்களுக்கு சொல்றேன், காசு செலவே இல்லாத வேலை. நல்லா விரிஞ்ச குடையை காம்போட ஒட்டி வெட்டிட்டு, செவுள் பக்கம் கீழ இருக்குற மாதிரி பேப்பர் மேல கவுத்து, அதுமேல ஒரு கண்ணாடி டம்ளரை கவுத்து ராத்திரி முழுக்க விட்டுறணும். காத்து படக்கூடாது, நம்ம பக்கம் கடக்காத்து ஜன்னல் வழியா வந்தா தூள் எல்லாம் பறந்துரும். பேப்பர் பாதி வெள்ளை பாதி கருப்பா இருந்தா நல்லது, ஏன்னா வெளுப்பான தூள் வெள்ளை பேப்பர்ல தெரியாது. காலையில குடையை எடுத்தா செவுள் வரிசை அப்படியே கோலம் போட்ட மாதிரி தூளா பதிஞ்சிருக்கும். ஒரு காளானோட ஸ்போர் நிறம் இதுதான், குடை வெயில்ல வெளுத்தாலும் மழையில கருத்தாலும் இது அவ்வளவு லேசுல ஏமாத்தாது.

கார்டினேரியஸா இருந்தா துரு நிறம் வரணும், பழைய படகுல ஆணி துருப்பிடிச்சு வழியுமே அந்த நிறம். எனக்கு வந்தது வெளிறின ரோஸ். கீழக்கரை பக்கம் சங்கு வாங்குனா அதோட உள்வாய்ல மங்கலா ஒரு ரோஸ் தெரியும்ல, அதை பொடி பண்ணி தூவுன மாதிரி. வெள்ளை பேப்பர்ல அவ்வளவா தெரியல, கருப்புல நல்லா தெரிஞ்சுச்சு. அதைப் பாத்த நிமிஷமே கார்டினேரியஸ் போயிருச்சு. ஒரு குடையில மட்டும் நம்பக்கூடாதுன்னு இன்னொரு குடையையும் கவுத்து வச்சேன், அதுலயும் அதே நிறம்.

மனசு கொஞ்சம் கஷ்டமாதான் இருந்துச்சு, மறைக்க என்ன இருக்கு. ஆனா அந்த நேரத்துலதான் நோட்டுல எழுதி வச்சிருந்த மரப்பட்டியல் கண்ணுல பட்டுச்சு.

கார்டினேரியஸ் தனியா வாழுற பூஞ்சை இல்ல. மரத்தோட வேர் நுனியை உறை மாதிரி சுத்திக்கிட்டு, மரத்துக்கு மண்ணுல இருந்து தண்ணியும் சத்தும் எடுத்து குடுத்து, பதிலுக்கு மரத்துகிட்ட சர்க்கரை வாங்கிக்கும். வெளிவேர்ப்பூஞ்சைன்னு சொல்லுவோம். அந்த கூட்டு எல்லா மரத்தோடயும் நடக்காது. வயலேசியஸுக்கு ஓக், பீச், பிர்ச், ஊசியிலை மரம் இந்த மாதிரி கூட்டாளி வேணும். தென்னை, பனை, வேம்பு, சீமைக்கருவேலம் இதுங்க வேர்லயும் பூஞ்சை இருக்கு, ஆனா அது வேற சாதி, வேர் செல்லுக்குள்ளயே போய் கெளை கெளையா பிரியுற உள்வேர்ப்பூஞ்சை, அது குடையே விடாது, கண்ணுக்கு தெரியாம மண்ணுக்குள்ளயே இருந்துரும். அப்ப நம்ம தோப்புல வயலேசியஸுக்கு கூட்டாளியே கெடையாது. ஆள் இல்லாத ஊருக்கு கல்யாணம் பேசுன கதைதான். இதுவே சவுக்குத்தோப்பா இருந்திருந்தா இவ்வளவு சீக்கிரம் முடிச்சிருக்க மாட்டேன், ஏன்னா சவுக்கு வெளிவேர்ப்பூஞ்சையோடயும் சேரும். கொடைக்கானல் பைன் காட்டுல சிவப்பு குடையில வெள்ளைப் புள்ளி வச்ச அமானிட்டா மஸ்காரியா வருதே, அதுவும் இப்படி மரத்தோட வேரைப் புடிச்சுக்கிட்டு வெளிநாட்டுல இருந்து வந்து எறங்குனதுதான். மரம் வந்தா காளான் வரும். மரம் இல்லாம அது மட்டும் வராது.

மூணாவது நாள் பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்புல பாத்தேன். ஸ்போர் நீள்வட்டம், ஆறேழு மைக்ரான் நீளம், மேல ரொம்ப லேசா சொரசொரப்பு. வயலேசியஸ் ஸ்போர் இதுக்கு ரெண்டு மடங்கு, 12-ல இருந்து 15 மைக்ரான் வரை, பாதாம் மாதிரி, மேல பருபருவா நல்லா தெரியும். வேதியியல் லேப்ல இருந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு வாங்கி சதை மேல விட்டேன், வயலேசியஸா இருந்தா சிவந்திருக்கணும், சிவக்கல. நூல்திரையோட மிச்சமும் எந்த காம்புலயும் இல்ல, சின்ன மொட்டு ஒண்ணை நீளவாக்குல அறுத்தும் பாத்தேன், உள்ள திரை இல்ல.

அப்ப இது யாரு? ஊதா குடை, வளையம் இல்ல, திரை இல்ல, ரோஸ் தூள், எருவும் மக்கும் நிறைஞ்ச மண்ணு, வளைவா வரிசை, காஞ்சா வெளுக்குற குடை. இவ்வளவும் ஒரே பக்கம்தான் கை காட்டுது, லெபிஸ்டா. அதுலயும் சின்னதா மெல்லிசா எருக்குழி பக்கமும் புல்தரையிலயும் வர்ற லெபிஸ்டா சார்டிடா. இது மரத்தோட கூட்டு சேர்ற ஆள் இல்ல, மக்குனதை தின்னு வாழுறது. கிடை போட்ட தோப்பு அதுக்கு விருந்து போட்ட எடம் மாதிரி.

இதோட பேர் பட்ட பாடு தனிக்கதை. டென்மார்க்ல ஷூமாக்கர் 1803-ல அகாரிகஸ் சார்டிடஸ்னு எழுதுனாரு, அப்புறம் லெபிஸ்டாவுக்கு வந்துச்சு. இதோட அண்ணன் முறை லெபிஸ்டா நூடா, அதை 1790-ல பிரான்ஸ்ல புல்லியார் எழுதுனாரு, 1871-ல லெபிஸ்டா ஆச்சு, 1969-ல அமெரிக்காவுல ரெண்டு பேர் சேந்து அதை கிளிடோசைபின்னாங்க, அதுக்கப்புறம் பாதிப்பேர் லெபிஸ்டான்னும் பாதிப்பேர் கிளிடோசைபின்னும் எழுதிக்கிட்டு இருந்தாங்க. 2023-ல சீனாவுல டிஎன்ஏ ஆராய்ச்சி பண்ணி இந்த ரெண்டையும் கொலிபியாவுல கொண்டுபோய் வச்சிருக்காங்க. அதனால இப்ப புதுசா எழுதுறவங்க கொலிபியா சார்டிடான்னு எழுதுவாங்க. பசங்க கேக்குறாங்க, எதுக்கு சார் மாத்திக்கிட்டே இருக்காங்கன்னு. காளான் மாறல, அதுக்கு யாரு சொந்தக்காரங்கன்னு நமக்கு தெளிவாகுது, அதான் பேர் மாறுது. ஒண்ணு கவனிங்க, வயலேசியஸும் இதுவும் ஒரே வரிசையில இருந்தாலும் குடும்பமே வேற. ஊதா நிறம் ரெண்டு பக்கமும் தனித்தனியா வந்தது. நிறத்தை மட்டும் பாத்து சொந்தம் கொண்டாடுனா இப்படித்தான் ஆகும்.

இப்ப முக்கியமான விஷயம், இதை எழுதுறதுக்கே பாதி காரணம் இதுதான். நாலாவது நாள் தோப்புக்கு திரும்ப போனப்ப அக்கா கேட்டாங்க, "என்ன தம்பி, விஷம் இல்லைல்ல? மீதி ஆறு நிக்குது, கொழம்பு வைக்கலாமா?" அவங்க கேட்டதுல தப்பு இல்ல, நம்ம பக்கம் மழைக்கு புத்துல வர்ற வெள்ளை காளானை தலைமுறை தலைமுறையா ஆக்கி சாப்புடுறோம், அதை அவங்களுக்கு கண்ண கட்டி விட்டாலும் அடையாளம் தெரியும். லெபிஸ்டா சார்டிடாவை சீனாவுல வளத்தே சாப்புடுறாங்க, அதுவும் எனக்கு தெரியும். இருந்தாலும் வேணாம்னேன்.

ஏன்னு அவங்க கிட்ட சொன்னதை இங்கயும் சொல்றேன். நான் முதல் நாள் வச்ச பேர் தப்பு. அது எந்தப் பக்கம் வேணா தப்பாகியிருக்கலாம். கார்டினேரியஸ் குடும்பத்துல வயலேசியஸ் விஷம் இல்லைன்னாலும் அதோட உறவுல ஒரெல்லானஸ்னு ஒண்ணு இருக்கு, 1950-கள்ல போலந்து நாட்டுல நூத்துக்கு மேல பேர் அதை சாப்ட்டு 11 பேர் செத்துப்போனாங்க. அதுல இருக்குற ஒரெல்லனின்ங்குற விஷம் நேரா கிட்னியை அடிக்கும், அதுவும் சாப்ட்ட உடனே தெரியாது, ரெண்டு மூணு நாள், சில சமயம் ரெண்டு வாரம் கழிச்சுதான் தாகமும் இடுப்பு வலியும் வரும், அப்ப எதை சாப்ட்டோம்னே மறந்துபோயிருக்கும். நம்ம தோப்புல அது வராதுதான். ஆனா போனுல வந்த பேரை நம்பி அடுப்புல ஏத்துற பழக்கம் ஒரு தடவை வந்துட்டா அடுத்த தடவை எந்த காளான்னு யாரு பாப்பா? வெள்ளிக்கொலுசை போட்டு வேகவச்சா விஷம்னா கருத்துரும், பூச்சி கடிச்சிருந்தா நல்ல காளான், இதெல்லாம் அக்காவும் சொன்னாங்க, எங்க வீட்டுலயும் சொல்லுவாங்க. ரெண்டுமே நம்பக்கூடியது இல்ல. உயிரை எடுக்குற காளான்லயே பூச்சி ஜம்முனு குடியிருக்கும், வெள்ளி கருக்காது.

அக்கா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "அப்ப ஆடு தின்னா?"ன்னாங்க. அன்னைக்கே வேலியில ஒரு மட்டையை குறுக்க கட்டி அந்த எடத்துக்கு ஆடு போகாம பண்ணிட்டாங்க.

மாதிரியை எப்படி வச்சிருக்கேன்னா, மூணு காளானை நீளவாக்குல அறுத்து, மெதுவா சூட்டுல காயவச்சு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட பேப்பர் கவர்ல போட்டு டப்பாவுல அடைச்சிருக்கேன். நம்ம கடக்கரை ஈரத்துக்கு சும்மா வச்சா ஒரே வாரத்துல பூஞ்சாணம் புடிச்சு போயிரும். ஸ்போர் பிரிண்ட் பேப்பரும் அதுகூடவே. டிஎன்ஏ பாத்தாதான் சார்டிடாங்குறதை அடிச்சு சொல்ல முடியும், ஏன்னா அதை மாதிரியே நெருங்குன சொந்தங்க சிலது இருக்கு, அதனால கவர் மேல பேரினத்தை முழுசா எழுதி இனத்துக்கு முன்னாடி "ஒப்புநோக்க"ன்னு போட்டிருக்கேன். பழைய பேரை ரப்பர் வச்சு அழிக்கல, ஒரே ஒரு கோடு அடிச்சு பக்கத்துல தேதி போட்டேன், யாராவது பின்னாடி பாத்தா எதுல இருந்து எதுக்கு மாறுச்சுன்னு தெரியணும்.

கார்த்திகையில ரெண்டாவது மழை விட்டதும் அக்கா திரும்ப போன் பண்ணாங்க. போய் பாத்தா அதே மட்டை கட்டுன எடத்துல, பழைய வளைவுக்கு ஒரு முழம் வெளிய தள்ளி, புதுசா ஏழு. இந்த தடவை அக்காவே ஒரு குடையை பறிச்சு, வீட்டு காலண்டர்ல கிழிச்ச தாள் மேல கவுத்து டம்ளரை போட்டு வச்சிருந்தாங்க. தாளை திருப்பி காட்டுனாங்க. சங்கோட உள்வாய் நிறம்.